மிக்கேலம்மாவின் பிடிகள் வளர்ந்த வருஷம்

சிறுமலை அடிவாரத்துச் சாணைக்கல்பட்டியில் செத்துப்போன எருமைகளின் கொம்புகள் மறுபடியும் வளர ஆரம்பித்தது ஒரு புரட்டாசி மாதத்தில். எருமை இல்லாமலே, எருமையைக் கேட்காமலே, வாழைத்தார் வெட்டுகிறவர்களின் இடுப்பிலும் ஆடு மேய்க்கிறவர்களின் மடியிலும் இலைக்கட்டு வியாபாரிகளின் சட்டைப்பையிலும், மடக்குக்கத்திகளுக்குப் பிடியாக இருந்துகொண்டே அவை வளர்ந்தன. இப்படியெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அந்த ஊருக்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பின்னே, கொம்புன்னா வளராதா?" என்று திருப்பிக் கேட்பார்கள், நீங்களும் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவீர்கள்.

அந்த ஊரில் கொம்புத் தெரு என்று ஒரு தெரு உண்டு. மாதா கோவிலில் தொடங்கிக் கிணற்றடியில் முடிகிற அந்தத் தெருவில் ஒன்பது வீடு, ஒன்பது வீட்டிலும் மடக்குக்கத்தி வேலை. ஒரு வீட்டில் அலகு அடிப்பார்கள், இன்னொரு வீட்டில் அலகு மடங்கி விரிய வில் வைப்பார்கள், எல்லாம் சேர்ந்து கடைசியில் பிடி போடுகிறவர் கைக்கு வரும். அவர் பித்தளைத் தகட்டின் மேல் எருமைக் கொம்புச் சில்லைப் பொருத்தி, மூன்று ஆணி அறைந்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, சாம்பலும் நல்லெண்ணெயும் குழைத்துத் துணியால் தேய்த்து, முடிவில் வெறும் உள்ளங்கையால் தேய்த்து, பித்தளை எங்கே முடிகிறது கொம்பு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாதபடி செய்துவிட வேண்டும். தெரிகிறதா தெரியவில்லையா என்று சொல்வதற்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவருக்குப் பெயர் நகக்காரர்.

நகக்காரர் என்றால் சும்மா இல்லை. கத்தியைக் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு வலது கட்டைவிரல் நகத்தைப் பித்தளையிலிருந்து கொம்புக்கு, கொம்பிலிருந்து ஆணிக்கு, ஆணியிலிருந்து கொம்புக்கு என்று ஓட்டுவார். ஓடினால் பித்தளையில் சின்னதாக ஒரு சேவல் முத்திரை விழும். ஓடாமல் எங்கேயாவது தட்டினால் "நிக்குது" என்று ஒரே வார்த்தை, அதோடு கத்தி வந்த வழியே திரும்பிப் போகும். அந்த நகத்துக்குப் பழுது வரக்கூடாது என்பதற்காக நகக்காரர் பாத்திரம் கழுவ மாட்டார், பூண்டு உரிக்க மாட்டார், வலது கையால் தன் முதுகைக்கூடச் சொறிந்துகொள்ள மாட்டார். ராஜா மகாராஜாவுக்கும் இல்லாத வாழ்வு.

முப்பத்தோரு வருஷமாக நகக்காரராக இருந்தவர் இன்னாசி. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மருமகன் வீட்டு விருந்தில் யார் தடுத்தும் கேட்காமல் பலாப்பழத்தைத் தானே பிளக்கப் போய், முப்பத்தோரு வருஷம் எந்த ஆணியிலும் மாட்டாத நகம் பலாச்சுளையில் மாட்டி நடுவாக்கில் பிளந்துவிட்டது. மறுபடி முளைத்தாலும் பிளந்த நகம் முத்திரை போடக் கூடாது, தனக்கு அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு தடவை மட்டும் ஓடலாம் என்பது தெருவின் கட்டுப்பாடு. அடுத்த ஆளாகப் போட்டியில் நின்றவர்கள் இரண்டு பேர்: பிடி போடுவதில் பதினைந்து வருஷம் பழகிய கஸ்பார், பத்தொன்பது வருஷம் பழகிய மிக்கேலம்மா.

"பொம்பள நகக்காரியானா சட்டிபானை யாரு கழுவுறது?" என்று தெருவில் ஒரு கேள்வி கிளம்பியது. மிக்கேலம்மாவின் புருஷன் சந்தியாகு இலைக்கட்டு கட்டுகிறவர், ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசினால் அதிகம். அன்றைய வாக்கியத்தை அவர் இதற்காகவே செலவு செய்தார். "நான் கழுவுவேன்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், ஆனால் அந்த ஒரு சொல் கிட்டத்தட்ட மூடிவிட்டது.

மிக்கேலம்மாவுக்கு அந்தப் பதவி வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு கத்தியையும் இன்னாசி கையில் கொடுக்கும்போதே நகம் ஓடுமா நிற்குமா என்று அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. அதனால் ஆசைப்பட்டாள், ஒளிக்காமல் மறைக்காமல், கோவிலில் முழங்கால் போட்டுச் சத்தமாகவே கேட்டாள். தன் வலது கட்டைவிரல் நகத்தை இரண்டு மாதமாகப் பூவைப் போல வளர்த்துக்கொண்டும் வந்தாள்.

இந்தப் போட்டிக்கு ஒரு முறை இருக்கிறது. புதுக் கத்தியை யாரும் பார்க்க மாட்டார்கள், புதுசில் எல்லாமே வழவழப்புதான். விற்று ஒரு வருஷமாவது ஆகி, வேர்வையும் மழையும் வாழைக்கறையும் பட்டு உழைத்த கத்தி ஆளுக்குப் பத்து வேண்டும். எந்தப் பத்து என்பதைச் சீட்டுக் குலுக்கி இன்னாசியின் சம்சாரம் எடுப்பாள். சவேரியார் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கண்ணைக் கட்டிக்கொண்டு நகக்காரர் பத்தையும் தொட்டுப் பார்ப்பார். பத்தில் ஒன்றில் நகம் நின்றாலும் ஆட்டம் முடிந்தது.

இப்படியிருக்கையில்தான் புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், தார் வெட்டுகிற சடையாண்டி அவளுடைய பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"தாயி, பிடி வளந்துருக்கு" என்றான்.

"என்னது வளந்துருக்கு?"

"பிடிதான். இங்கிட்டுப் பாரு."

அவள் வாங்கி நகத்தை ஓட்டினாள். இரண்டாம் ஆணிக்கும் மூன்றாம் ஆணிக்கும் நடுவில், துவரம்பருப்பை ஒட்டிவைத்த மாதிரி ஒரு புடைப்பில் நகம் நின்றது. மிக்கேலம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது; தன் கையால் போட்ட பிடியில் நகம் நிற்பதாவது. சடையாண்டி மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கத்தியை இடுக்கியில் கடித்து, அரத்தைப் போட்டு ராவி, தேய்த்து, பளபளவென்று அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவன் "சரி தாயி" என்று வாங்கினான். வாசல்படி தாண்டவில்லை, கத்தி அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மடியில் செருகிக்கொண்டு போனான்.

பத்தாம் நாள் மறுபடி வந்தான். இந்தத் தடவை கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தான்.

"வளந்துருச்சு. ராவிராத தாயி, கும்புட்டுக் கேக்குறேன்" என்று சொல்லி, தள்ளி நின்றே பிடித்துக் காட்டினான். அவனுடைய வலது கையில் நடுவிரல் கிடையாது, பதினோரு வருஷத்துக்கு முன்னால் கரும்பு ஆலையில் போனது. அந்த விரல் இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ அங்கே போய் அந்தப் புடைப்பு அளவாக அடைத்துக்கொண்டிருந்தது.

"வெரலு போனதுலருந்து தார் வெட்டுறப்பல்லாம் கத்தி நழுவும். இப்ப நழுவல" என்றான் சடையாண்டி. அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மிக்கேலம்மா போட்ட பிடிகள் எல்லாம் வளர்ந்தன, கன்னாபின்னாவென்று வளராமல், எந்தக் கை பிடித்திருக்கிறதோ அந்தக் கை எங்கே வேண்டுமென்று கேட்டதோ அங்கே வளர்ந்தன, இடதுகைப் பழக்கக்காரியான பூக்கடை ரெங்கநாயகிக்கு இடது பக்கமாக வளர்ந்தன, கை நடுங்குகிற பெரியவருக்குக் கொஞ்சம் பருமனாக வளர்ந்தன, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம் விட்டு வளர்ந்தன. கஸ்பார் போட்டது வளரவில்லை, மற்றவர்கள் போட்டதும் வளரவில்லை. காரணம் என்ன என்று இரண்டு நாள் பேசிப் பார்த்தார்கள். அவள் கடைசியில் உள்ளங்கையால் தேய்க்கும்போது மற்றவர்களைவிட நூறு தேய்ப்பு கூடுதலாகத் தேய்ப்பாள் என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான் காரணம் கிடைத்தது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊருக்கு அதைவிடப் பெரிய வேலைகள் இருந்தன. கொம்பு வளர்கிறதென்றால் மாட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டாமா என்று ஏழெட்டுப் பேர் கத்தியும் கையுமாகப் போய் நின்றார்கள்; அவர் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "தண்ணி காட்டுங்க" என்றார். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமானால் ஆம்பளையும் பொம்பளையுமாகக் கண்மாய்க்குப் போய், கத்தியை மடக்கித் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டிக் கொண்டுவருவது வழக்கமானது. வரப்போகிற மாட்டுப் பொங்கலுக்கு இந்தக் கொம்புகளுக்கும் வர்ணம் பூச வேண்டுமா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பி, ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம் மஞ்சள் என்று சமாதானமாக முடிந்தது. கத்தி இரவல் கேட்கிற பழக்கம் அடியோடு நின்றது, ஒருவன் கத்தி இன்னொருவன் கையில் அடுத்தவன் செருப்பு மாதிரி கடித்தது. கத்தியைத் திருடிக்கொண்டு போன ஒருவன் மூன்றாம் நாள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோடு வந்து, கோவில் படியில் வைத்துவிட்டு ஓடிப்போனான். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் கத்தியைக் கேட்டார்கள். தோட்ட வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று அளந்த ஒரு மாப்பிள்ளையின் பிடி சோப்புக்கட்டியாட்டம் ஒரு பள்ளமும் இல்லாமல் இருக்கவே, "தம்பி, ஒரு போகம் வேல செஞ்சிட்டு வாங்க, பொண்ணு எங்கயும் போகாது" என்று காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவனும் ரோஷப்பட்டு மண்வெட்டியைத் தூக்கினான். பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு இதைப்பற்றிப் பிரசங்கத்தில் மூச்சுவிடவில்லை, நான்காம் ஞாயிறு ஆப்பிள் நறுக்குகிற தன் கத்தியை எடுத்துக் காட்டி, "எனக்கும்தான்" என்றார்.

இத்தனை கும்மாளத்திலும் மிக்கேலம்மா மட்டும் போட்டிக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஊரே தன் பிடியைத் தூக்கிப் பிடித்துக் கொண்டாடுகிறது, ஆனால் எந்தப் பிடியிலும் நகம் ஓடாது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கஸ்பார் அவளைத் தேடி வீட்டுக்கு வந்தான். போட்டிக்காரன் என்றாலும் அவன் சந்தியாகுவின் சித்தப்பா மகன், குணத்தில் குறை சொல்ல முடியாதவன்.

"மதினி, சீட்டுல வர்ற பத்தும் வளந்துல்ல கெடக்கும். என்ன செய்யப் போறீக?"

"ராவ வேண்டியதுதான்."

"சனிக்கெழம ராவுங்க. திரும்ப வளர பத்து நாளாகும், ஞாயித்துக்கெழம தாராளமா ஓடும். கட்டுப்பாட்டுலயும் ராவக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. நான் விசாரிச்சுட்டேன்" என்றான் கஸ்பார். ஜெயித்தால் சரியாக ஜெயிக்க வேண்டும் அவனுக்கு.

சனிக்கிழமை காலையில் சீட்டு குலுக்கினார்கள். மிக்கேலம்மா பத்துப் பெயரையும் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. "ராவிக்க தாயி, முடி வெட்டுனா வளராதா, அது மாதிரி" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். சடையாண்டி பெயரும் சீட்டில் வந்திருந்தது, அவன்கூடத் தந்தான், பத்து நாளைக்குத் தார் வெட்டப் போவதில்லை என்று லீவு போட்டுவிட்டுத் தந்தான். ஒன்பது கத்தி சேர்ந்தது. பத்தாவது சீட்டு கருப்பையாவின் பெயருக்கு விழுந்திருந்தது. ஆடு மேய்க்கிற கருப்பையா ஆடி மாதம் காய்ச்சலில் படுத்து ஒரே வாரத்தில் செத்துப்போனவர். அவருடைய கத்தி அவர் சம்சாரம் அழகுப்பொண்ணுவிடம் இருந்தது; புரட்டாசியில் மற்றவை வளர்ந்தபோது அதுவும், பதினெட்டு மாதமாய்ப் பிடித்தவரை மறக்காமல், செத்தவர் கைக்கே வளர்ந்திருந்தது. இப்போது ஆடுகளை அவள்தான் மேய்க்கிறாள், அந்தக் கத்தியைத்தான் பகல் முழுக்கக் கையில் வைத்திருக்கிறாள்.

மிக்கேலம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். மற்றவர்களுடைய பிடி மறுபடி வளரும், செத்தவர் கை மறுபடி எங்கே வளர.

"எடுத்துக்க தாயி, ஒனக்கு ஆகணும்ல" என்று உடனே நீட்டினாள் அழகுப்பொண்ணு. "எங்கிட்ட மட்டும் எம்புட்டு நாளைக்கு இருக்கப்போகுது. பிடிக்காம இருக்க முடியல, பிடிக்கப் பிடிக்க நானே அவரு கையத் தேச்சு அழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மத்தியானம் பட்டறையில் உட்கார்ந்து, கஷ்டமானதை முதலில் முடித்துவிடுவோம் என்று அந்தப் பத்தாவதைத்தான் மிக்கேலம்மா கையில் எடுத்தாள். நகத்தை ஓட்டினாள், நின்றது. விரல்களை ஒரு நொடி அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தாள். தடித்த நாலு விரலின் பள்ளம், ஒரு ஆள் கையைக் கொடுத்த மாதிரி இருந்தது, சொல்லாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவளைப் போலச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அரம் மேசைமேல் கிடந்தது. பத்தொன்பது வருஷத்து ஆசையும் அங்கேயேதான் கிடந்தது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு அரத்தை எடுத்துப் பெட்டியில் போட்டாள். ஒன்று நின்றாலே தோல்வி என்னும்போது மற்ற ஒன்பதை மட்டும் ராவி என்ன பிரயோசனம் என்று அவற்றையும் தொடவில்லை. பிறகு அழுதாள். ஆசைப்பட்டது கையைவிட்டுப் போகும்போது அழாமல் என்ன செய்வாள்.

கொல்லையில் சந்தியாகு பாத்திரம் கழுவிப் பழகிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ராவல" என்றாள்.

"அப்ப நாளைக்குத் தோத்துருவ."

"ஆமா."

அவர் சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் வடிய வைத்தார். "தோத்துட்டு வா. கழுவுறத நான் விடப்போறதில்ல, கை பழகிருச்சு" என்றார். ஒரே நாளில் இத்தனை பேச்சு அவர் பேசியதே கிடையாது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள் மிக்கேலம்மா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வெளியில் ஊரே கூடிவிட்டது, அழகுப்பொண்ணு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டே வந்திருந்தாள், ஒரு ஓரமாகத் தப்புக்காரர்கள் தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இன்னாசியின் கண்ணைப் புதுத் துண்டால் கட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முதலில் கஸ்பாரின் பத்துக் கத்தி. எண்ணெயில் ஓடுவதைப் போல நகம் பத்திலும் ஓடியது. அடுத்தது மிக்கேலம்மாவுடையது.

"நிக்குது" என்றார் இன்னாசி முதல் கத்தியைத் தொட்டு.

"அது என்னுது" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல், பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட பெருமையோடு.

"நிக்குது."

"என்னுதுண்ணே" என்றாள் ரெங்கநாயகி.

"நிக்குது." அது சடையாண்டியுடையது, அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். இப்படியே ஒவ்வொரு நிற்றலுக்கும் ஒரு சிரிப்பும் ஒரு கைதட்டுமாக ஒன்பது கத்தி போயிற்று. தோற்கிற ஆளுக்கு இப்படிக் கைதட்டி அந்த ஊர் பார்த்ததில்லை. பத்தாவதையும் வாங்கி நகத்தை வைத்து, "நிக்குது. பத்தும் நிக்குது. கஸ்பாருதான் நகக்காரன்" என்று இன்னாசி தீர்ப்பைச் சொல்லிவிட்டார். தப்பு முழங்க ஆரம்பித்தது, கஸ்பார் தலை குனிந்து மாலையை வாங்கிக்கொண்டான்.

இன்னாசி மட்டும் எழுந்திருக்கவில்லை. துண்டையும் அவிழ்க்கவில்லை. பத்தாவது கத்தி அவர் கையிலேயே இருந்தது, நகத்தை எடுத்துவிட்டு முழுக்கையாலும் அதைப் பிடித்திருந்தார்.

"யாரு, கருப்பையாவா?" என்றார். "கையக் குடுத்துட்டு ஏம்ப்பா பேசாம நிக்கிற?"

தப்பு நின்றுவிட்டது. ஆடியில் கருப்பையாவைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் இன்னாசியும் ஒருவர். அது அவருக்கே அடுத்த நொடி நினைவுக்கு வந்திருக்க வேண்டும், உதடு கோணியது, ஆனாலும் பிடியை விடவில்லை. தலையைச் சாய்த்து, விரல்களை மெல்ல மெல்ல நகர்த்தினார்.

"இதுல ரெண்டு கை இருக்கே" என்றார். "பெரிய கைக்குள்ள ஒரு சின்னக் கை. பெரிய விரலுப் பள்ளம் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஓரமா ஒரு சின்ன விரலுப் பள்ளம். இது யாரு?"

அழகுப்பொண்ணு ஆடுகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தாண்ணே. தெனம் பிடிச்சுப் பிடிச்சு அவர அழிச்சுட்டேன்" என்றாள்.

"அழியல தாயி. அவன் பள்ளம் அம்புட்டும் அப்பிடியே இருக்கு. பஸ்ஸுல நம்மாளு ஏறுனா தள்ளி உக்காந்து எடம் விடுவாகள்ல, அப்பிடி ஒனக்கு எடம் விட்டுருக்கான்."

மிக்கேலம்மா இன்னாசியின் கையிலிருந்து கத்தியை வாங்கிக் கொண்டுபோய் அழகுப்பொண்ணுவிடம் கொடுத்தாள். தோற்றுப்போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, ஆனால் பத்தொன்பது வருஷத்தில் ஒரு கத்தியைக் கொடுக்கும்போது அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. தப்புக்காரர்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள், ஜெயித்தது யார் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் அடித்தார்கள். அழகுப்பொண்ணு கத்தியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, ஆடி மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு விரலாக அதனதன் இடத்தில் உட்காரவைத்தாள்.